எண்ண ஆளில்லாத நாடு

இனிமேல் யாரும் எந்த நாட்டுக்கும் நேரில் போக வேண்டியதில்லை என்று நான் வேலை பார்த்த நிறுவனம் முடிவு செய்துவிட்டதாம். என்னிடம் ஒரு காலத்தில் பயிற்சி பெற்ற கார்த்திக், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தின் கார் நிறுத்தத்தில் இதைச் சொன்னான். அவன் நியூயார்க்கிலிருந்து திரும்பியிருந்தான். நான் என் மகளை ஏற்றிப்போக வந்திருந்தேன்.

"டிராவல் ஃபுல்லா கட் பண்ணிட்டாங்க ஆன்ட்டி. எல்லாம் வீடியோ கால்தான்."

"ஏனாம்?"

"காஸ்ட் சேவிங்."

"ஊர் ஊராப் போய் செலவக் கொறைங்கன்னு சொன்ன கம்பெனி, இப்ப ஊருக்குப் போறதையே கொறைச்சிருச்சா?"

சிரித்தான். "ஜோக் இல்ல ஆன்ட்டி. டேட்டாவ சிஸ்டமே எடுத்துக்குது. ரிப்போர்ட்டும் அதுவே டிராஃப்ட் பண்ணிடும். ஒரு நாடு டேட்டாவ லேட்டா குடுத்தா ஆட்டோமேட்டிக்கா ஸ்கோர் கொறையும்."

"ஏன் லேட்டுன்னு யாரு கேப்பா?"

"அதுக்கு சிஸ்டத்துல ஃபீல்டு இல்ல ஆன்ட்டி."

புதிதாகச் சேர்ந்தவர்கள், நேரில் போய் அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று அவனிடம் கேட்கிறார்களாம். ஒரு நாள் வந்து பேச முடியுமா என்றான். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். எழுத்தில் வந்தால் அடித்துவிடலாம்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடுகள் கடன் வாங்குகின்றன. கடன் கொடுப்பவர்கள் அந்த நாட்டை எவ்வளவு நம்பலாம் என்று எங்கள் நிறுவனத்தைப் போன்ற சில நிறுவனங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தரம் கொடுப்போம். தரம் இறங்கினால் வட்டி ஏறும். ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால், பெரிய ஓய்வூதிய நிதிகள் பலவும் அந்த நாட்டின் கடன் பத்திரங்களைத் தங்கள் விதிப்படியே வைத்திருக்கக் கூடாது. விற்றே ஆக வேண்டும்.

இதை நான் எத்தனை முறை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று தெரியாது. விளக்கி முடித்ததும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சமீபத்தில் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் ஓர் இதய மருத்துவர் சொன்னார். அமெரிக்காவின் கடன் பற்றி அன்று செய்தி ஏதோ வந்திருந்தது.

"இதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ படிப்பு, கமிட்டி? வரவுக்குள்ள செலவு பண்ணணும். நீங்க வீட்டு பட்ஜெட் போடறவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

"நீங்க செலவக் கொறைச்சா ஒங்க சம்பளம் கொறையுமா டாக்டர்?"

"அதெப்படிக் கொறையும்?"

"ஒரு நாடு கொறைச்சா கொறையும். இந்த டவுன்ல இருக்கற எல்லாரும் ஒரே சமயத்துல சிக்கனமா இருக்கறதுன்னு முடிவு பண்ணா, ஒங்க கிளினிக்குக்கு யாரு வருவா? நீங்க பேஷன்ட் பாக்கறதே யாரோ ஒருத்தரோட செலவுதான்."

"ஹார்ட் அட்டாக்குல என்ன மேடம் சிக்கனம்?" என்றார் மருத்துவர். மேசையே சிரித்தது.

என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "விடு. தோசை ஆறுது."

விட்டேன். ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் ஆரம்பித்தது சென்னையில், ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில், உதவி ஆசிரியராக. மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது வேலை. திருமணமாகி அமெரிக்கா வந்தேன். ஒன்றும் செய்யாமல் உட்கார முடியாமல் பொருளாதாரம் படித்தேன். பட்டம் வாங்கியதும் இந்த நிறுவனத்தில் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துத் தேர்வில் என் விடைத்தாள்தான் எல்லாவற்றிலும் சிறியது என்று பிறகு சொன்னார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லா அலுவலகப் பயிற்சியும் ஒன்றுதான்: முதலில் பயம், பிறகு சுருக்கப் பெயர்கள், பிறகு சலிப்பு.

சொல்ல வேண்டியது வால்டரைப் பற்றி. ஐரோப்பிய நாடுகள் பிரிவின் தலைவர். குரலை உயர்த்தியதே இல்லை. நாம் எழுதிக் கொண்டுபோனதை எதிரில் நிற்கவைத்து, பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். பென்சிலால் அடைமொழிகளை அடிப்பார். 'வலி மிகுந்த சீர்திருத்தம்' என்று எழுதியிருந்தால் 'வலி மிகுந்த' போய்விடும். 'துணிச்சலான பட்ஜெட்' வெறும் பட்ஜெட் ஆகிவிடும். பத்திரிகையில் இருந்து வந்த எனக்கு இதில் வருத்தமில்லை, சந்தோஷம்தான். என்னைப் படுத்தியது அவருடைய இன்னொரு பழக்கம். எந்த வாக்கியத்திலும் விரலை வைத்து ஒரே கேள்வி கேட்பார்: "இதை அளந்தது யார்?"

பதில் இல்லையென்றால் 'நன்றி' என்பார். அவர் அகராதியில் நன்றி என்றால் வெளியே போகலாம் என்று பொருள்.

நாடுகளுக்குப் போவதற்கும் அவர் விதி வைத்திருந்தார். எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் பேசக் கூடாது. நிதி அமைச்சகத்தைப் பார்த்த அன்றே எதிர்க்கட்சியையும் பார்க்க வேண்டும். யார் சொன்னார், எந்தப் பதவியில் இருந்து சொன்னார் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். அவர்கள் வாங்கித் தரும் காப்பியைக் குடிக்கலாம், சாப்பாட்டுக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த நாடு. பெயர் சொல்லப்போவதில்லை. நபர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஐரோப்பாவின் பொது நாணயத்தைச் சேர்ந்த சிறிய நாடு என்பது போதும்.

பொது நாணயத்தில் என்ன சிக்கல் என்று கார்த்திக்கே முதல் ஆண்டில் கேட்டிருக்கிறான். தனி நாணயம் வைத்திருக்கும் நாடு நெருக்கடியில் மாட்டினால் அந்த நாணயத்தின் மதிப்பு இறங்கும். வெளிநாட்டுச் சாமான் விலை ஏறும், எல்லோரும் கொஞ்சம் ஏழையாவார்கள், ஆனால் ஏற்றுமதி மலிவாகி, ஆலைகள் மெல்ல ஓட ஆரம்பிக்கும். பொது நாணயத்தில் அந்த வழி மூடியிருக்கிறது. நாணயம் இறங்காது. அதனால் சம்பளத்தை இறக்க வேண்டும்.

"அப்ப நியூ ஜெர்ஸியும் டெக்சாஸும் ஒரே டாலர்தானே?" என்று கேட்டான்.

"ஒங்கண்ணன் இங்க வேல போனதும் என்ன பண்ணாரு?"

"அன்எம்ப்ளாய்மென்ட் பெனிஃபிட் வாங்கினான். அப்பறம் டெக்சாஸ்ல இர்விங்குக்கு மூவ் ஆயிட்டான்."

"பாஷை மாத்தினாரா?"

"இல்ல. டிரைவிங் லைசென்ஸ்தான் மாத்தினான். அங்க போயும் அதே சரவணா சாம்பார்ப் பொடிதான் ஆன்ட்டி."

அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே ஒரு மாநிலம் படுத்தால் வாஷிங்டன் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் தன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆட்கள் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். அங்கே நாணயத்தைப் பொதுவாக்கினார்கள். மற்றதையெல்லாம் அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாடு ஏற்கெனவே வெளியாரிடம் அவசரக் கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஒரு வரிசை போட்டிருந்தார்கள். சம்பளம் வெட்டியாயிற்று. ஓய்வூதியம் வெட்டியாயிற்று. அரசுப் பணியாளர்களைக் குறைத்தாயிற்று. நாடு தன் கடன் பத்திரங்களை மீண்டும் சந்தையில் தானாக விற்க முடிந்தால் வெட்டு அங்கே நிற்கும். முடியாவிட்டால் வரிசையில் அடுத்தது மாவட்ட மருத்துவமனைகள். பலவற்றை மூடிச் சிலவற்றோடு இணைப்பார்கள். பத்திரங்களை விற்கும் ஏலத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். நாங்கள் தரத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கினால் ஏலத்துக்கு ஆள் வராது. அதை நாங்களும் அறிவோம், அவர்களும் அறிவார்கள்.

நானும் பிரையன் என்ற சக ஆய்வாளரும் போனோம். இந்த முறை எழுதுவது பிரையன். கடன் நிர்வாக அலுவலகத்தின் தலைவி எலெனாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். குட்டையான, வேகமாக நடக்கிற பெண். அமைச்சகத்தில் லிஃப்ட் ஓடவில்லை. படியேறும்போது, "மூச்சு வாங்கினால் சொல்லுங்கள். அதையும் பற்றாக்குறையில் சேர்த்துவிடலாம்" என்றார். மேலே அதிகாரிகள் ஓவர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். சூடேற்றியை மதியத்துக்கு மேல் அணைத்துவிடுவார்களாம்.

"அந்த மருத்துவமனைப் பட்டியலில் என் ஊரும் இருக்கிறது" என்றார் எலெனா. "அம்மா டயாலிசிஸுக்குப் போகிற இடம். இதை எழுத வேண்டாம்."

பிரையன் பேனாவை மேசையில் வைத்தான். எழுதியிருந்தாலும் வால்டர் அடித்திருப்பார்.

எங்களுடைய பெரிய குறை, அவர்களுடைய புள்ளிவிவரங்கள் மிகத் தாமதமாக வருகின்றன என்பது. தொழில் உற்பத்தி, சில்லறை வணிகம், வேலையின்மை எல்லாம் பல மாதம் பின்தங்கியிருந்தன. சில ஒரு தடவை வந்து, பிறகு வரவேயில்லை. அதைக் கேட்டேன்.

எலெனா திருப்பிக் கேட்டார்: "நீங்கள் அந்த அலுவலகத்துக்குப் போனதில்லை, இல்லையா?"

போனதில்லை. எங்கள் சந்திப்புப் பட்டியலில் அது ஒருபோதும் இருந்ததில்லை. எண்கள் மின்னஞ்சலில் வரும், நாங்கள் எடுத்துக்கொள்வோம். மறுநாள் ஒரு சந்திப்பை ரத்து செய்துவிட்டுப் போனோம்.

புள்ளிவிவர அலுவலகம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. பெரிய கூடம். மேசைகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலான கணினித் திரைகளுக்கு உறை போட்டிருந்தார்கள். அலுவலகத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி விளக்கினார். அரசுப் பணியாளர் குறைப்பு வந்தபோது ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஆட்களை விட வேண்டியிருந்தது. காவல்துறையில் கைவைக்க முடியாது, பள்ளிகளில் வைத்தால் கலவரம் வரும். புள்ளிவிவரத்தில் கைவைத்தால் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள். களத்துக்குப் போய்க் கடை கடையாகக் கேட்கிறவர்களை அனுப்பிவிட்டார்கள். இப்போது தொலைபேசியில் கேட்கிறார்களாம்.

"மூடிய கடை தொலைபேசியை எடுக்குமா?" என்று கேட்டேன்.

"எடுக்காது. எடுக்காத கடைக்குப் போன வருட எண்ணையே போடுகிறோம்."

"அப்படியென்றால் உங்கள் எண்கள்..."

"நம்பிக்கை தருபவை" என்றார் அவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

பிரையன் எழுதிக்கொண்டான். பணியாளரைக் குறைக்க வேண்டும் என்று அந்த நாட்டுக்குச் சொன்னவர்களில் நாங்களும் உண்டு. எங்கள் முந்தைய அறிக்கையிலேயே அச்சாகியிருந்தது.

தரத்தை முடிவு செய்ய ஒரு குழு கூடும். எல்லோரையும் விட இளையவர் முதலில் வாக்களிப்பார், தலைவர் கடைசியில். பெரியவர்களைப் பார்த்து இளையவர்கள் தலையாட்டக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இளையவர்கள் பெரியவர்களுக்குப் பதில் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அட்டவணையில் 'நிர்வாகத் திறன்' என்று ஒரு வரி. தரவு தாமதமானால் அங்கே மதிப்பெண் விழும். அது விழுந்ததால் மொத்தமும் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

நான் பேசினேன். செலவை வெட்ட வெட்ட அவர்களுடைய வருமானம் சுருங்குகிறது, கடன் ஏறாமலேயே அதன் பாரம் ஏறுகிறது, இன்னும் ஒரு வெட்டு அதைச் சரிசெய்யாது என்றேன். வால்டர் என் பேச்சிலும் விரலை வைத்தார்.

"வருமானம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது? இதை அளந்தது யார்?"

"யாரும் அளக்கவில்லை, வால்டர். அளப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பச் சொன்னது நாம்."

அறையில் யாரோ இருமினார்கள்.

"நன்றி" என்றார் வால்டர்.

வாக்கெடுப்பு நடந்தது. முதலில் வாக்களித்த இளைஞன், "அட்டவணையில் அப்படித்தான் வருகிறது" என்றான். ஒரே வாக்கு வித்தியாசத்தில் தரம் இறங்கியது.

இதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலின் விசித்திரமான பகுதி. ஒரு நாட்டை யார் பார்த்துக்கொள்கிறாரோ அவர்தான் முடிவை எழுத வேண்டும், தன் பெயரில் வெளியிட வேண்டும், கேட்பவர்களுக்கெல்லாம் நியாயப்படுத்த வேண்டும். அவர் எப்படி வாக்களித்தார் என்று சொல்லக் கூடாது. நான் எழுத உட்கார்ந்தேன். 'முக்கியப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து தாமதமாவது நிர்வாகத் திறன் குறைந்திருப்பதைக் காட்டுகிறது' என்ற வாக்கியத்தைக் குழுவே கொடுத்திருந்தது. அதன் நடுவில் நான் சில சொற்களைச் செருகினேன்: 'சிக்கன நடவடிக்கைகளின் பகுதியாகப் புள்ளிவிவர அலுவலகத்தின் பணியாளர்கள் குறைக்கப்பட்ட பிறகு.'

வால்டர் வாசித்தார். பென்சில் அந்த இடத்தில் நின்றது.

"அளந்தது யார்?"

"பிரையனும் நானும் பார்த்தோம். அலுவலகத் தலைவர் பெயரோடு சொல்லியிருக்கிறார். குறிப்பில் இருக்கிறது."

பிரையனின் குறிப்பை வரவழைத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அடைமொழி ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். இல்லை. அந்தச் சொற்களை விட்டுவிட்டார். நேரில் போய்ப் பார்த்ததற்கு எனக்குக் கிடைத்தது அந்த அரை வாக்கியம்தான்.

வெளியிடுவதற்கு முன் அறிக்கையை அந்த நாட்டிடம் காட்டுவோம். தகவல் பிழை இருந்தால் மட்டும் சொல்லலாம். முடிவைப் பற்றி வாதாட முடியாது. எலெனா தொலைபேசியில் வந்தார்.

"தகவல் பிழை இல்லை. ஒன்று கேட்கலாமா? மறுபடி தரம் ஏற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

"புள்ளிவிவரங்கள் நேரத்துக்கு வர வேண்டும்."

"அதற்கு ஆள் எடுக்க வேண்டும்."

"ஆமாம்."

"ஆள் எடுத்தால் செலவு. செலவு ஏறினால் நீங்களே தரத்தை இறக்குவீர்கள்."

இதற்கு நான் சொல்ல அனுமதிக்கப்பட்ட பதில் எதுவும் இல்லை. "முழு அறிக்கையையும் உங்கள் அமைச்சர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்" என்றேன். வரம்பைக் கொஞ்சம் தாண்டிய வாக்கியம்தான். அவருக்குப் புரிந்தது.

ஏலத்துக்கு ஆள் வரவில்லை. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் அடுத்ததைக் கேட்டார்கள். அமைச்சர் எங்கள் அறிக்கையோடு அவர்களிடம் போய், அந்த அரை வாக்கியத்தைக் காட்டி வாதாடியிருக்கிறார். சிக்கனத்தால் எண்ணும் வேலையே நின்றுபோயிற்று, எண்ணாததால் தரம் போயிற்று என்று. அவர்களும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். புள்ளிவிவர அலுவலகத்துக்கு மட்டும் பழையபடி ஆள் எடுக்க அனுமதித்தார்கள். மருத்துவமனைகளில் ஒன்றையும் விடவில்லை. எலெனாவின் ஊர் மருத்துவமனை தலைநகர மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு அந்த நாட்டின் எண்கள் எல்லாம் குறித்த நாளில் வந்தன. களத்துக்கு ஆட்கள் போய்க் கடை கடையாக எண்ணியிருந்தார்கள். மூடிய கடைகளை மூடியவை என்று எழுதியிருந்தார்கள். மூடியவை நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகம். அதாவது நாட்டின் வருமானம் நாங்கள் வைத்திருந்த மதிப்பீட்டைவிடச் சிறியது. வருமானம் சிறியதானால் அதே கடன் பெரியது. குழு கூடியது. 'நிர்வாகத் திறன்' வரியில் மதிப்பெண் ஏறியிருந்தது, 'கடன் சுமை' வரியில் அதைவிட அதிகமாக விழுந்திருந்தது. இந்த முறை வாக்கெடுப்பில் இழுபறி இல்லை. தரம் இன்னொரு படி இறங்கியது.

வால்டரிடம் கேட்டேன்: "எண்ணாமலே இருந்திருந்தால் இவர்களுக்கு நல்லதாக இருந்திருக்குமே?"

"அது நம் கேள்வி இல்லை" என்றார். பிறகு, என் நினைவில் ஒரே ஒரு முறை, நன்றி சொல்லாமல் என்னை அப்படியே நிற்கவிட்டார்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதிலிருந்து எந்தப் பாடமும் எடுக்க வேண்டாம். இருக்கிற அட்டவணையை வைத்துத்தான் நீங்களும் வேலை செய்யப்போகிறீர்கள். நேரில் போனதால் அந்த நாட்டுக்கு நல்லது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை. போனதால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. தெரியாமலும் அதையே செய்திருப்போம். இரண்டும் ஒன்றுதானே என்று உங்களில் யாராவது கேட்டால், அந்தக் கோயில் கேன்டீனில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும், வந்து உட்காரலாம்.

அந்த இரண்டாவது அறிக்கையையும் நான்தான் எழுதினேன், நான்தான் எலெனாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அழைத்தார். பின்னால் போக்குவரத்துச் சத்தம் கேட்டது.

"காரில் இருக்கிறீர்களா?"

"அம்மாவைத் தலைநகரத்துக்கு அழைத்துப்போகிறேன். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். ஓரமாக நிறுத்திவிட்டேன், சொல்லுங்கள். அந்தப் புள்ளிவிவர வரி என்ன எழுதியிருக்கிறீர்கள்? திரை சிறியது, சரியாகத் தெரியவில்லை."

வாசித்தேன்: "'புள்ளிவிவரங்களின் தரமும் காலந்தவறாமையும் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டுள்ளன.'"

வால்டர் 'குறிப்பிடத்தக்க' என்பதை அடிக்காமல் விட்டிருந்தார்.

"இன்னொரு முறை வாசியுங்கள்."

வாசித்தேன். காருக்குள் அவர் தன் மொழியில் அதை யாருக்கோ மொழிபெயர்த்துச் சொல்வது கேட்டது. ஒரு வயதான குரல் ஏதோ கேட்டது. எலெனா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

"தகவல் பிழை இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.